கடல் பக்கத்துச் சுவர்

என் தம்பி இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினான் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். "இஞ்சை ஃபுட்போல் எண்டா காலால அடிக்கிறது. இதென்ன கையில தூக்கிக்கொண்டு ஓடுறது?" என்று கோயில் அன்னதானத்தில் ஒருவர் கேட்டார். தம்பிக்குக் கோபம் வரவில்லை. பருப்புக் கையோடு எழுந்து நின்று, முட்டை மாதிரி ஒரு பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர், தலைக்கவசம், தோளுக்கு ஒரு கவசம், மைதானத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பட்டை நிலம், பந்தோடு அந்தப் பட்டைக்குள் போய்ச் சேர்ந்தால் புள்ளி என்று விளக்கினான். கேட்டவர் பாயாசம் எடுக்கப் போய்விட்டார்.

அப்பா வன்னியிலேயே போய்விட்டார். யுத்தம் முடிந்தபிறகு அம்மாவோடு நாங்கள் இருவரும் இங்கே வந்தோம். சில வருடங்களில் அம்மாவும் நோயில் போனார். பிறகு நானும் அவனும்தான். நான் நகர நடுவில், பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவன் பள்ளிக்கூடம் போனான். அங்கேதான் அந்தப் பயிற்சியாளர் அவனைக் கண்டார். ஓட்டத்தில் யாரும் அவனைப் பிடிக்க முடியாததைப் பார்த்து, "என்னோடு வா" என்று கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தம்பி படிப்பை முடித்ததும் தன் மைத்துனரிடம் சொல்லித் துறைமுகத்தில் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். நாப்போலிக்குப் போகிற கப்பலில் ஏறும் லொறிகளைச் சங்கிலியால் இறுக்கிக் கட்டும் வேலை. வேலை முடிந்து கிறீஸ் நாற்றத்தோடு நேரே பயிற்சிக்குப் போவான்.

மைதானம் நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்தது. அது இந்த விளையாட்டுக்காகக் கட்டப்பட்டதல்ல. ஓட்டப் பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் கட்டியது. அமெரிக்கன் ஃபுட்போலுக்கு நீளம் கூட வேண்டும். கோடு போட்டுப் பார்த்தபோது இடம் போதவில்லை. மலைப் பக்கம் கம்பிவேலி, அதற்கப்பால் பாறை. ஆகவே முழுவதையும் கடல் பக்கமாகத் தள்ளிக் கோடு போட்டார்கள். அதனால் கடல் பக்கத்து முனைப்பட்டை முடிகிற இடத்தில் ஓடுபாதையின் சீமெந்துக் கரை வந்துவிட்டது. அதைத் தாண்டி நாலைந்து எட்டு வைத்தால் ஒரு சுவர். பந்தயத் தடைகளும் மெத்தைகளும் வைக்கிற களஞ்சிய அறையின் சுவர் அது.

போட்டி நாட்களில் உயரம் பாய்கிற பழைய மெத்தைகளை இழுத்து வந்து அந்தச் சுவரில் சாத்தி வைப்பார்கள். ஆனால் வலது மூலையில் சாத்த மாட்டார்கள். அங்கே களஞ்சியத்தின் இரும்புக் கதவு இருந்தது. தண்ணீர்ப் போத்தல், ஸ்ட்ரெச்சர் எல்லாம் உள்ளே இருந்ததால் அந்தக் கதவு திறந்து மூட வேண்டும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்கள் மோதுகிறார்கள், விசில் ஊதுகிறது, எழும்பி நின்று கதைக்கிறார்கள், திரும்ப மோதுகிறார்கள். மெல்ல மெல்லத் தம்பியின் வேலை எனக்கு விளங்கியது. எதிரணியில் பந்தைப் பிடிக்க நீளமாக ஓடுகிறவனோடு கூடவே ஓடி, அவன் பிடிக்காமல் தடுப்பது. அவன் திரும்பினால் இவனும் திரும்ப வேண்டும். அவன் நின்றால் இவனும் நிற்க வேண்டும். கல்யாணம் கட்டின மாதிரி என்று அவன் சொல்லிச் சிரிப்பான்.

இன்னொன்றும் மெல்ல விளங்கியது. அந்த மைதானத்தில் எங்கள் பையன்கள் விளையாடுவதும் வெளியூர்க்காரர் விளையாடுவதும் ஒன்றல்ல. நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் தெளிக்கிற குழாயின் மூடி புல்லுக்குள் புதைந்திருந்தது. எங்கள் ஆட்கள் அதை மிதிக்க மாட்டார்கள். பின்னேர வெயில் படிக்கட்டின் இடைவெளியால் வந்து ஒரு பக்கத்துக் கண்ணில் குத்தும். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பந்து எறிய மாட்டார்கள். கடல் பக்கத்து வலது மூலைக்கு நீளப் பந்து எங்கள் அணி எறிந்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

"ஏன்ரா அந்த மூலைக்கு எறியிறேல்லை?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"அது சுவரல்லோ அக்கா. வேகமா ஓடிக்கொண்டு போனா நிப்பாட்டேலாது."

"அப்ப அவங்கள் எறிஞ்சா?"

"எறியட்டுமே. ரெண்டு தரம் கிட்டப் போய்ப் பாத்தா அவங்களுக்கும் பயம் வந்திடும். பிறகு அரைவாசியிலயே வேகத்தைக் குறைச்சுப் போடுவாங்கள். எங்களுக்கு லேசு." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். "நாங்கள் அதைப் பன்னிரண்டாவது ஆள் எண்டுதான் சொல்லுறனாங்கள்."

பயிற்சியாளருக்கும் அது தெரியும். எந்த முனை என்று தெரிவு செய்கிற முறை வந்தால், கடைசிக் கால்பகுதியில் எதிரணி கடல் பக்கம் நோக்கி விளையாடும்படி பார்த்துக்கொள்வார். கடைசிக் கால்பகுதியில்தான் பின்தங்கியவர்கள் நீளப் பந்து எறிவார்கள். இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது போலத்தான் சுவரையும் பார்த்தார்.

தம்பி ஒருதரம் கைபேசியில் அமெரிக்க மைதானங்களைக் காட்டினான். பெரிய பெரிய மைதானங்கள். அங்கேயும் முந்தி, பந்தை உதைத்துப் புகுத்துகிற இரும்புக் கம்பம் புள்ளிக் கோட்டிலேயே நின்றதாம். ஓடி வந்தவர்கள் அதில் அடிபட்டபடியால்தான் பிறகு பின்னுக்குத் தள்ளி நட்டார்களாம். கூரையிலிருந்து தொங்கின ராட்சதத் திரையில் உதைத்த பந்து போய்ப் பட்டு, அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடினதையும் காட்டினான். "பாருங்கோ, அவங்களுக்கே இந்தப் பிரச்சினை" என்றான். எல்லா மைதானத்திலும் ஏதோ ஒரு குறை இருக்கும், ஆட்டம் அதோடு பழகிக்கொள்ளும் என்பது போல இருந்தது அவன் பேச்சு.

அந்த ஞாயிறு, பலேர்மோ இருக்கிற தீவின் கிழக்குக் கரையிலிருந்து ஓர் அணி வந்தது. மழை விட்டு வெயில் எறித்திருந்தது. அவர்களில் ஒரு மெலிந்த பையன் நீளமாக ஓடுகிறவன். தம்பிதான் அவனுக்குக் காவல். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே உயரம். ஆட்டத்தின் நடுவே ஒருதரம் இரண்டு பேரும் விழுந்தபோது அவன் கை கொடுத்துத் தம்பியைத் தூக்கி விட்டான். ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பேருந்தில் அணியோடு வந்த அவனுடைய தாய்.

கடைசிக் கால்பகுதியில் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். கடல் பக்கம் நோக்கி விளையாடினார்கள். அதற்கு முன் இடது பக்கமாகவும் நடுவாகவும்தான் எறிந்தார்கள். சுவரை அந்தப் பையன் கண்ணால் கண்டிருப்பான்தான். எல்லோருக்கும் தெரிகிற சுவர். ஆனால் நடுவில் மெத்தைகள் சாத்தியிருந்ததைப் பார்த்தால் எல்லா இடமும் மெத்தை என்றுதான் படும்.

பந்து எறியப்பட்டது. உயரமாக, வலது மூலைக்கு. அந்தப் பையன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பந்தைப் பார்த்தபடியே ஓடினான். தம்பி கூடவே ஓடினான், கையளவு தூரத்தில். முனைப்பட்டைக்குள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். பிறகு தம்பி நின்றான். முழங்காலை மடித்து, பின்னுக்குச் சாய்ந்து, புல்லில் சறுக்கி நின்றான். மற்றவன் நிற்கவில்லை. சீமெந்துக் கரையில் அவன் கால் தட்டியது. தலை முன்னே குனிந்தபடி போய் அந்த இரும்புக் கதவில் மோதினான்.

சத்தம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் சிலர் கை தட்டினார்கள். பந்து தவறிவிட்டது என்று நினைத்தார்கள். கைதட்டல் துண்டு துண்டாக நின்றது. தம்பி அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தொடாமல், இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். அந்தத் தாய் படிக்கட்டில் இறங்கினாள். ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஸ்ட்ரெச்சரை எடுக்க வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். அது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் அவனை அசைக்க வேண்டும். அசைக்கக் கூடாது என்று நடுவர் சொன்னார். அம்புலன்ஸ் வரும்வரைக்கும் அவன் அப்படியே கிடந்தான்.

வீட்டுக்கு வந்து தம்பி குளிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தான். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

"நான் நிண்டனான் அக்கா" என்றான்.

"கண்டனான்."

"யோசிச்சு நிக்கேல்லை. கால் தானா நிண்டிட்டுது. அவனுக்குச் சொல்ல வேணும் எண்டு கூட வரேல்லை. கால் நிண்டாப் பிறகுதான் வாய் திறந்தது. அதுக்குள்ள..."

நான் அவன் தலையில் கை வைத்தேன். முடியில் இன்னும் புல் இருந்தது.

பையன் சாகவில்லை. கழுத்தெலும்பு உடைந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சில நாட்களில், கால்கள் வராது என்றும் கைகளில் கொஞ்சம் வரலாம் என்றும் சொன்னார்கள். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான். தனியாகப் போக அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும். நானும் போனேன்.

உள்ளே விடவில்லை. அந்தத் தாய் வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். போட்டிக்கு வந்த அதே உடுப்போடு இருந்தாள். மேலே மட்டும் யாரோ கொடுத்த ஒரு கம்பளிச் சட்டை. நான் பேக்கரியில் வாங்கி வந்த பாணையும் கோப்பியையும் பக்கத்தில் வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"நீதானே அவனுக்குப் பக்கத்தில் ஓடினவன்?"

"ஆமாம், சிஞ்ஞோரா."

"நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நின்றாய். ஏன் நின்றாய்?"

தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். அவனுடைய இத்தாலியன் இந்த ஊர்க்காரர் பேசுவது போலவே இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினான்.

"அங்கே சுவர் கிட்ட என்று எனக்குத் தெரியும். நாங்கள் கிழமைக்கு மூன்று தரம் அங்கே ஓடுகிறோம்."

"என் மகனுக்கு அதை யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை."

"போட்டிக்கு முன்னால்?"

"ஒருவரும் சொல்லவில்லை, சிஞ்ஞோரா. நானும் சொல்லவில்லை."

திட்டுவாள், அடிப்பாள் என்று நான் நினைத்தேன். அடித்திருந்தால் அவனுக்கு நல்லாயிருந்திருக்கும். "இதை, கேட்கிற எல்லோருக்கும் இப்படியே சொல்வாயா?" என்று கேட்டாள். சொல்வேன் என்றான். அவள் கோப்பியை எடுத்துக் குடித்தாள்.

அதற்கடுத்த நாட்களில்தான் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் சின்ன வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல்தரம். சவரம் செய்யாத முகம். நான் கொடுத்த கதிரையில் உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றார்.

"பொலிஸ் எல்லோரையும் விசாரிக்கப் போகிறது. போட்டிக்கு முன் இரண்டு அணியையும் கூப்பிட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னோம். அந்த மூலை கவனம் என்றோம். உனக்கு நினைவிருக்கிறதுதானே?"

"அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மிஸ்டர்" என்றான் தம்பி. இங்கே பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நடந்தது. மற்றவர்களுக்கு நினைவிருக்கிறது."

"வழக்கமாகச் சொல்கிறதா? வேறு எந்த அணிக்காவது சொல்லியிருக்கிறோமா?"

கழகத்தை மூடிவிடுவார்கள் என்றார் அவர். இந்தப் பையன்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, தெருவில் நிற்பார்கள் என்றார். நட்டஈட்டுக்குத் தன் வீட்டையும் எடுத்துக்கொள்வார்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கியது. தம்பி எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்குத் தகப்பன் மாதிரி இருந்தவர்.

"நான் அந்தத் தாய்க்குச் சொல்லிவிட்டேன்" என்றான். "இனி வேறு மாதிரிச் சொல்ல முடியாது."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, கிளாஸை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு கதவைத் தாளிட்டேன். தம்பியின் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. பொலிஸின் குவெஸ்துரா அலுவலகத்தில், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போய் நிற்கிற ஒவ்வொரு தரமும் ஏதாவது பிழை பிடித்துவிடுவார்களோ என்று கடதாசிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். பொலிஸ், சாட்சி, வழக்கு என்ற சொற்களைக் கேட்டாலே எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும்.

"எனக்குப் பயமா இருக்கடா" என்றேன்.

"எனக்கும் பயம்தான் அக்கா. ஆனா அந்த மனிசி என்ர முகத்தைப் பாத்துக் கேட்டது. நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்தானே."

"ஓம், நிண்டனான்."

அவன் பொலிஸில் போய்ச் சொன்னான். நான் வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அணியில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. எச்சரித்தோம் என்று சிலர் சொன்னார்கள். நினைவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். எச்சரிக்கவில்லை என்றவன் ஒருவன்தான், அதுவும் வெளிநாட்டுக்காரன். நன்றாக ஓடும்போது அவனை எங்கள் பையன் என்று தோளில் தூக்கியவர்கள் தெருவில் கண்டால் கடைக்குள் திரும்பினார்கள். ஒருவன் மட்டும், மூக்குடைந்த பருமனான பையன், சந்தையில் என்னைக் கண்டு, "அவனிடம் சொல்லுங்கள், அவன் சொன்னதுதான் சரி. எனக்குத்தான் துணிவில்லை" என்று சொல்லிவிட்டு மீன்கடைக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

துறைமுகத்தில் யாரும் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள். "இந்தக் கிழமைக்கு ஆள் போதும், அடுத்த கிழமை பார்ப்போம்" என்றார்கள். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்கள். காலையில் உடுத்திக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி இருப்பான். கப்பல் ஊதுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஊதி ஓய்ந்தபிறகு சப்பாத்தைக் கழற்றுவான். கடைசியில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவவும் சிப்பி உரசவும் போனான். இன்றைக்கும் அங்கேதான். விரலெல்லாம் சிறு சிறு வெட்டு. பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவன் ஓடுவதில்லை. போனால் போகட்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறான்.

மைதானத்தைச் சில காலம் பூட்டி வைத்தார்கள். பிறகு திறந்தார்கள். களஞ்சியம் அப்படியே இருக்கிறது, கதவு மட்டும் புதுசு. சின்னப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். கால்பந்துக்கு அந்தச் சுவர் எட்டத்தில்தான் இருக்கிறது, ஒன்றும் செய்யாது. கழகம் கலைந்துவிட்டது. பயிற்சியாளர் மகளோடு வடக்கே போய்விட்டதாகக் கேள்வி. வழக்கு நடக்கிறது. கோடு போட்டவர் யார், அனுமதி கொடுத்தவர் யார், மெத்தை வைக்க வேண்டியவர் யார் என்று ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்கள். தம்பியை இன்னொரு தரம் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதலில் சொன்னதையே சொன்னான்.

அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்று தம்பி பல தரம் தாயிடம் போனில் கேட்டான். அவள் ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. "அவனுக்கு விருப்பமில்லை" என்று மட்டும் சொல்வாள். இந்த வருடம் ஒருநாள் அவளே போன் எடுத்து, வரலாம் என்றாள். தீவைக் குறுக்கே கடந்து பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அறுவடை முடிந்து எரித்த கரிய வயல்கள்.

மாடி வீடு. லிஃப்டில் சக்கர நாற்காலி கொள்ளாது. ஆகவே அவன் கீழே இறங்குவதில்லை என்று தாய் வாசலிலேயே சொன்னாள். ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தான். நான் மைதானத்தில் கண்ட மெலிந்த பையனின் தோள் இன்னும் மெலிந்திருந்தது, முகம் மட்டும் ஊதியிருந்தது. தம்பி கட்டில் காலடியில் நின்றான்.

அந்தப் பையன்தான் முதலில் கேட்டான்.

"எனக்கு அந்த நாளில் ஒன்றும் நினைவில்லை. பஸ்ஸில் ஏறினது நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி. நான் அந்தப் பந்தைப் பிடித்தேனா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படிக்கட்டிலிருந்து நான் பந்தைப் பார்க்கவில்லை.

"பிடித்தாய்" என்றான் தம்பி. "என் விரல் பட்டது. ஆனால் நீ பிடித்தாய். இரண்டு காலும் கோட்டுக்கு உள்ளே."

"அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்கிறாள். எல்லோரும் தெரியாது என்கிறார்கள். பொய் சொல்லாதே."

"பொய் இல்லை. என்னைத் தாண்டித்தான் பிடித்தாய்."

"அப்படியென்றால் புள்ளி கொடுத்தார்களா?"

"இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். எதிர்வீட்டு பல்கனியில் துணி காய்ந்தது. "நீ நின்றதற்காக நான் உன்னை வெறுக்கவில்லை. நானும் எங்கள் மைதானத்தில் நின்றிருப்பேன்" என்றான். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்தப் பையன் கண்ணை மூடினான். "இப்போது போ. களைப்பாக இருக்கிறது."

தாய் எங்களைப் படிவரைக்கும் கொண்டுவந்து விட்டாள். இனி வரலாமா என்று தம்பி கேட்டான். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். உள்ளேயிருந்து மகன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தண்ணீருக்கோ, புரட்டி விடுவதற்கோ. அவள் கதவை மூடினாள்.

பஸ் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. நிழலிருந்த இடத்தில் எல்லாம் ஆட்கள். தம்பி ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி, எனக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தான்.

"உண்மையாவே பிடிச்சவனோடா?" என்று கேட்டேன்.

"உண்மையா அக்கா. என்ர கண்ணுக்கு முன்னால. அப்பிடி ஒரு பிடி நான் ஒருநாளும் காணேல்லை."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தபிறகு, "வாற மாசம் திரும்பக் கேட்டுப் பாப்பம்" என்றான்.

"ஓம்" என்றேன்.